தீராத வயிற்று வலி

அத்தியாயம் பதினொன்று

மூத்த மகள் ரத்னாவை அவள் வாழ்க்கைப்பட்ட உடப்புசல்லாவை ஊர் ஆற்றங்கரையில் எரித்துவிட்டு வீரபத்திரனும் அன்னம்மாவும் கந்தப்பளைக்குத் திரும்பியதையும், தாயில்லாத பேத்தி கனகுவை அவர்களோடு அனுப்பச் சம்பந்தி வீட்டார் மறுத்துவிட்டதையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பிறகு காரியமும் முடிந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. மகள் போனாலும் ஊருக்குத் துணி வேண்டும். வீரபத்திரன் கடையைத் திறந்தார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, தோட்டங்களில் வேலை இல்லாத நாள். ஐப்பசி மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. தலையில் கம்பளியைக் கவிழ்த்துக்கொண்டு சனங்கள் காலையிலேயே கடைவீதிக்கு இறங்கிவிட்டார்கள்.

அன்னம்மா வழக்கமாகக் கடைப்பக்கம் வருகிறவள் அல்ல. கடைக்குப் பின்னால் இருந்த வீடுதான் அவள் இடம். ஆனால் இப்போது வீட்டில் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் அது ரத்னா உட்கார்ந்த மூலையாக இருந்தது. அதனால் ஜவுளிப் பக்கம் வந்து ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டாள். சின்ன மகள் பூரணி துணியை விரித்துக் காட்டுவாள். அன்னம்மா அதை மடித்து வைப்பாள். மடிக்கிற வேலை மனசுக்குத் தேவலையாக இருந்தது.

"பாவாடைக்கு ஒரு சீட்டித்துணி குடுங்கம்மா. இங்க இருக்கிற தங்கச்சி மக சமைஞ்சிருக்கா. நாளைக்குத் தண்ணி ஊத்துறாங்க."

குரலைக் கேட்டு அன்னம்மா நிமிர்ந்தாள். ஒல்லியாக, நனைந்த முந்தானையோடு ஒருத்தி நின்றாள். தேயிலைக் கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். எங்கேயோ பார்த்த முகம்.

"நீ எந்தத் தோட்டம்?"

"உடப்புசல்லாவைப் பக்கங்கம்மா. எம் பேரு வேலாயி. ரத்னாம்மா கடையிலதான் சாமான் வாங்குறது. எழவுக்கும் வந்தேன். தூரமா நின்னேன், நீங்க பாத்திருக்க மாட்டீங்க."

ரத்னாவின் பெயரை ஒருத்தி வாய்விட்டுச் சொல்லிக் கேட்டுப் பல நாள் ஆகியிருந்தது. வீட்டில் யாரும் சொல்வதில்லை. அன்னம்மா பூரணியை விலக்கிவிட்டுத் தானே துணிக்கட்டைப் பிரித்தாள்.

வேலாயி சிவப்புப் பூப்போட்ட சீட்டியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தயங்கிச் சொன்னாள்:

"பேப்பர்ல கூடப் போட்டிருந்தாங்களேம்மா."

"எந்தப் பேப்பர்ல?"

"வெள்ளிக்கிழம வந்ததுல. நேத்துக் காலையில பெரட்டுக் களத்துல வேலைக்குப் பேர் கூப்பிடுறதுக்கு முந்தி கணக்கப்பிள்ளை வாசிச்சாரு. எல்லாரும் கேட்டோம்." அன்னம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பயம் வந்துவிட்டது. "உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"என்ன வாசிச்சாரு?"

"வயித்து வலி தாங்காம ஆத்துல விழுந்துட்டாங்கன்னு."

பூரணியின் கையிலிருந்த முழக்கோல் பலகையில் விழுந்தது.

வேலாயி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வாசிச்சு முடிச்சதும் பொம்பளைங்க யாரும் ஒண்ணும் பேசலம்மா. கூடைய எடுத்துக்கிட்டு மலைக்கு ஏறிட்டோம். நேத்து வீட்டுல சோத்துல உப்பு கூடிப் போச்சு. எம் புருசன் தட்ட வீசிட்டு, 'ஒனக்கும் வயித்து வலி வரப் போவுது, பாத்துக்க'ன்னான். முன்னெல்லாம் அடிப்பான், அதோட சரி. இப்ப அதுக்கு ஒரு பேரு கெடச்சிருச்சு."

அன்னம்மா துணியை அளக்க மறந்து நின்றாள்.

"ரத்னாம்மாவுக்கு நெசமாவே வயித்து வலி இருந்திச்சுங்களா?"

"இல்ல."

"எனக்கும் தெரியும்மா. போன மாசம் ஒரு சாயங்காலம், புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு எங்க லயத்து வீட்டுக்கு ஓடி வந்தாங்க. ஒதடு கிழிஞ்சிருந்திச்சு. எங்க ஒத்த அறைக் காம்பிராவுல அடுப்போரமா உக்காந்திருந்தாங்க. தேயிலைச் சாயத்தண்ணி குடுத்தேன், குடிக்க முடியல. கொஞ்ச நேரத்துல மாமியாரு ஆள் விட்டுக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க." வேலாயி கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். "நான் சொன்னேன்னு யாருகிட்டயும் சொல்லிடாதீங்கம்மா. அந்தக் கடையிலதான் எங்களுக்கு அரிசி."

அவள் துணியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கொழும்பிலிருந்து பத்திரிகை வரும். வீரபத்திரன் அதைக் கடை வாசலில் உட்கார்ந்து உரக்க வாசிப்பார். கேட்பதற்கென்றே நாலைந்து பேர் வந்து பெஞ்சில் உட்காருவார்கள். இந்த வெள்ளிக்கிழமை, "பேப்பர் வரல" என்று சொல்லிவிட்டார். அன்னம்மாவும் அதை நம்பியிருந்தாள்.

"பூரணி, அப்பா பேப்பர எங்க வச்சிருக்காருன்னு தேடு."

பூரணி தேடவில்லை. நேரே போய் அரிசி மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஒனக்கும் தெரியுமா?"

"வெள்ளிக்கிழமையே பாத்தேம்மா."

"வாசி."

சமையற்கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பூரணி அடுப்பு வெளிச்சத்துக்குப் பத்திரிகையைச் சாய்த்துப் பிடித்தாள். பள்ளிக்கூடத்தில் நன்றாக வாசிக்கிறவள் என்று பெயரெடுத்தவள். இன்றைக்கு எழுத்துக் கூட்டுகிறவளைப் போல வாசித்தாள்.

"உடப்புசல்லாவையில் பரிதாபம். இவ்வூர்க் கடைவீதியில் நன்மதிப்புப் பெற்ற வர்த்தகர் ஸ்ரீமான் முத்துலிங்கம் அவர்களின் பாரியாள், நெடுநாளாகத் தம்மை வருத்திவந்த தீராத வயிற்று வலியின் கொடுமை தாளாமல், ஆற்றில் வீழ்ந்து பிராணனை விட்டார். பொறுமையையே ஆபரணமாகப் பூண வேண்டிய ஸ்திரீகள் அற்ப சரீர உபாதைகளுக்கும் மனந்தளர்ந்து இவ்விதம் செய்வது மிகவும் விசனிக்கத்தக்கது. தாயற்ற சிசுவுடன் தவிக்கும் ஸ்ரீமான் முத்துலிங்கம் அவர்களுக்கு நமது ஆழ்ந்த அனுதாபம்."

"அவ பேரு எங்க?"

"பேரு போடலம்மா."

"கடைசியில என்னமோ சொன்னியே, அனுதாபம். அது யாருக்கு?"

"அத்தானுக்கு."

அன்னம்மா எழுத்து தெரியாதவள். ஆனாலும் பத்திரிகையை வாங்கி அந்த இடத்தைப் பார்த்தாள். விரல் நகத்தின் அகலத்தில் ஒரு துண்டு. அதற்குக் கீழே கொடியும் பூவும் வரைந்த கட்டம் ஒன்று இருந்தது.

"இது என்ன?"

"மாதர் பகுதி. கணவன் மனம் கோணாமல் இல்லறம் நடத்தும் வழிகள்னு எழுதியிருக்காங்க." பூரணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கல்யாணத்துக்கு முன்னால வாராவாரம் அக்காவுக்கு இதத்தான் வாசிச்சுக் காட்டுவேன்."

ரத்னாவைக் கடைசியாகக் குளிப்பாட்டியவள் அன்னம்மா. தண்ணீரில் கிடந்த உடம்பு என்று எல்லோரும் தூர நின்றார்கள். அவள்தான் மஞ்சள் தேய்த்தாள். முதுகில் பிரம்புத் தடங்கள் இருந்தன. சில சிவப்பாக, சில பச்சையாக, சில ஆறிப்போய் மஞ்சளாக. ஆறு அப்படித் தடம் போடாது. மரண விசாரணைக்கு வந்த அதிகாரி முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்து ஆண்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனார். குளிப்பாட்டியவளை யாரும் கேட்கவில்லை. அன்னம்மாவும் புதுச்சேலையைச் சுற்றி மூடிவிட்டாள்.

ஆடி மாதத்தில் ரத்னா ஒருமுறை வந்திருந்தாள், குழந்தையோடு, சொல்லாமல் கொள்ளாமல். "நான் அங்க போகலம்மா" என்றாள். வீரபத்திரன் மறுநாளே அவளை ரயிலேற்றி அனுப்பினார். டப்பாவில் முறுக்கு நிரப்பிக் கொடுத்து, "கொஞ்சம் பொறுத்துக்க, சரியாப் போயிரும்" என்று சொன்னவள் அன்னம்மா.

"முத்துலிங்கந்தான் ஆள் வச்சு இதப் போட்டிருப்பான்" என்றாள் அவள்.

வெளியே வீரபத்திரனின் குரல் கேட்டது. "அன்னம், யாரு வந்திருக்காங்க பாரு."

மதிய ரயிலில் வந்து இறங்கியிருந்தார்கள். நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை போய்த் திரும்பும் சின்ன ரயில்தான் அந்தப் பக்கத்துக்கெல்லாம் போக்குவரத்து. உடப்புசல்லாவைக்காரர்களும் ராகலையில் வந்துதான் ஏற வேண்டும். முத்துலிங்கம் கடை பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். சவரம் செய்யாத முகம். அவன் தாய் சண்முகவடிவு கனகுவைத் தூக்கிக்கொண்டு நேரே வீட்டுக்குள் வந்தாள்.

குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பவில்லை. மெலிந்திருந்தது. மூக்கு ஒழுகியது. பூரணியைக் கண்டதும் அது உடம்பையே முன்னால் தள்ளி இரண்டு கைகளையும் நீட்டியது. "ம்மா" என்றது.

அக்காவும் தங்கையும் ஒரே சாயல். பூரணி ஓடிப்போய் வாங்கிக்கொண்டாள். குழந்தை அவள் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, இனி இறங்குவதில்லை என்பதுபோல் ரவிக்கையைப் பிடித்துக்கொண்டது.

"பாத்தீங்களா" என்றாள் சண்முகவடிவு. "ராவெல்லாம் இந்தக் கூப்பாடுதான். நான் கெழவி, என்ன பண்ணுவேன்? சம்பந்தியம்மா, சுத்தி வளைக்காமச் சொல்லிடுறேன். வேற ஒருத்தி வந்தா அவளுக்கு இது மூத்தா புள்ள. சித்தியே வந்தா இது அவ புள்ள. தீபாவளி போகட்டும். கார்த்திகையில கோயில்ல வச்சு ஒரு மஞ்சக் கயித்தக் கட்டிக்கிடட்டும்."

மடியிலிருந்து வெற்றிலை பாக்குப் பொட்டலத்தை எடுத்துப் பாயில் வைத்தாள்.

கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த வாசற்படியில் வீரபத்திரன் வந்து நின்றார்.

"பூரணிய அனுப்புறதா இல்லீங்க" என்றாள் அன்னம்மா.

"ஏன்? எம் மகன்கிட்ட என்ன குறையக் கண்டீங்க?"

"என்ன குறைன்னு உங்களுக்கே தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சது இருக்கட்டும். ஊருக்குத் தெரிஞ்சது பேப்பர்ல இருக்கு. வயித்து வலிக்காரி செத்துப்போனா, அவ தங்கச்சியக் கேக்குறோம். ஊர் உலகத்துல நடக்காததா? குடுக்க மாட்டேன்னு சொன்னா, ஏன்னு நாலு பேரு கேப்பாங்க. என்ன சொல்லப் போறீங்க?"

"அந்தப் பொய்யப் போட்டதே நீங்கதானே."

சண்முகவடிவு அவளை நிதானமாகப் பார்த்தாள். கோபம் இல்லை. கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது.

"நாங்க எந்தப் பேப்பர்காரனையும் கண்டதில்ல, சம்பந்தியம்மா. உங்க ஊர் ராமநாதன் எழுதுனது. யாரு சொல்லி எழுதுனாருன்னு உங்க வீட்டுக்காரரக் கேளுங்க."

அன்னம்மா திரும்பினாள். வீரபத்திரன் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க?"

"என்ன போடட்டும்னு ராமநாதன் கேட்டாரு." அவர் படியைப் பார்த்துச் சொன்னார். "நாம ஒண்ணும் சொல்லலைன்னா ஊரு என்னென்னவோ சொல்லும். ஆத்துல விழுந்தாளாம், எவன்கூட என்ன தொடுப்போன்னு பேசுவாங்க. பூரணி இருக்கா. நாளைக்கு அவளுக்கு மாப்பிள்ள பாக்கணும். அதுக்காகத்தான் சொன்னேன், அன்னம். அவளுக்காகத்தான்."

யாருக்காகச் சொன்னாரோ அவள், குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றாள். அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் இப்போது அவளைக் கேட்டு வந்து பாயில் உட்கார்ந்திருக்கிறது.

சண்முகவடிவு குரலைத் தணித்தாள். "நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. இவன் அப்பன் கையில நான் படாததா?" வலது கையை நீட்டினாள். மணிக்கட்டு எலும்பு உடைந்து கோணலாகக் கூடியிருந்தது. "நான் ஆத்துல விழல. வீட்டுக்கு வீடு உள்ளதுதான். உங்க மகளுக்குத் தாங்கத் தெரியல. சின்னவ கெட்டிக்காரி, தாங்கிக்குவா."

அன்னம்மா எழுந்தாள். புருஷனைத் தாண்டிக்கொண்டு கடைக்குள் போனாள். துணி வாங்க வந்தவர்களும் மழைக்கு ஒதுங்கியவர்களுமாகக் கடை நிறைய ஆட்கள். அவள் முத்துலிங்கத்தின் முன்னால் போய் நின்றாள்.

"எம் மகளுக்கு வயித்து வலி கெடையாது."

துணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள்.

"நான் குளிப்பாட்டுனவ. முதுகு பூரா பெரம்புத் தடம். எல்லாரும் கேட்டுக்குங்க. அவளுக்கு வயித்து வலி கெடையாது."

வேலாயியின் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

முத்துலிங்கம் அழுதான். தோள் குலுங்கக் குலுங்க அழுதான். அது பொய்யழுகை இல்லை என்பது தெரிந்தபோது அன்னம்மாவுக்கு இன்னும் தாங்கவில்லை.

"அன்னைக்கு நான் அடிக்கலங்க அத்தை" என்றான். "சத்தியமா அன்னைக்கு அடிக்கல."

"அன்னைக்கு மட்டும் அடிக்கலையா?"

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். பெண்கள் இரண்டு மூன்று பேர் எடுத்த துணியை வைத்துவிட்டு மெல்ல வெளியே போனார்கள். ஆண்கள் போகவில்லை.

சண்முகவடிவு பின்னாலேயே வந்துவிட்டாள். அவமானத்தில் அவள் முகம் கறுத்திருந்தது. "சபையில வச்சு எம் மகன இப்பிடிப் பேசியாச்சு. இனி உங்களுக்கும் எங்களுக்கும் ஒண்ணுமில்ல. புள்ளையக் குடு."

"அம்மா." பூரணி பின்னால் நின்றிருந்தாள். "நான் போறேம்மா."

"என்ன சொல்ற?"

"கனகுக்காகப் போறேன். இது என்னைய அம்மான்னு நெனச்சுக்கிட்டிருக்கு. எப்பிடி விடுறது?"

"போனா அடுத்து ஒன்னையும் நான் குளிப்பாட்டணும். அதுக்கு எனக்குத் தெம்பு இல்ல."

"நீங்க அக்காவ அனுப்புறப்போ இதச் சொல்லலியேம்மா."

அன்னம்மா குழந்தையின் விரல்களைப் பூரணியின் ரவிக்கையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று பற்றிக்கொண்டது. பூரணி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கடைசியில் குழந்தையைத் தன் கையாலேயே சண்முகவடிவிடம் கொடுத்தாள் அன்னம்மா.

கனகுவின் அழுகை கடையைத் தாண்டி, தபாற்கந்தோரைத் தாண்டி, ஸ்டேஷன் பாதையில் இறங்கும் வரைக்கும் கேட்டது.

"வாங்க, ராமநாதன் வீட்டுக்குப் போவோம்" என்றாள் அன்னம்மா, புருஷனைப் பார்த்து.

ராமநாதன் மனு எழுதிக் கொடுத்துப் பிழைப்பவர். தோட்டத்துச் சனங்களுக்கு எழுத வேண்டியது எல்லாம் அவர்தான் எழுதுவார். வாரத்தில் ஒருநாள் கந்தப்பளைச் சேதிகளைக் கொழும்புக்கு அனுப்புவார். அவர்களைக் கண்டதும் எழுந்து பலகையைத் தட்டிப் போட்டார்.

"அது பொய்னு போடணும்" என்றாள் அன்னம்மா.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மறுப்புப் போடலாம்மா. போட்டா, பிறகு எதுக்குச் செத்தாங்கன்னு கேப்பாங்க. பத்திரிகையில பொம்பளைங்க சாவுக்கு ரெண்டே காரணந்தான். ஒண்ணு வயித்து வலி. அது இல்லைன்னா நடத்தை. உங்க வீட்டுக்காரரு ரெண்டுல நல்லதத்தான் கேட்டு வாங்குனாரு."

"அடிச்சாங்கன்னு போடுங்க."

"புருசன் பெண்டாட்டிய அடிக்கிறது சேதியாம்மா? அபூர்வமா நடந்தாத்தான் சேதி." அவர் கேலியாகச் சொல்லவில்லை. "நானும் எழுதிப் பாத்திருக்கேன். போன வருஷம் ஒரு தோட்டத்துல கங்காணி அடிச்சு ஒரு பொண்ணு செத்துச்சு. அடிச்சுச் செத்துச்சுன்னுதான் எழுதி அனுப்பினேன். அச்சுல வந்தப்போ துர்நடத்தையுள்ள ஸ்திரீன்னு வந்திச்சு. அவ புருசன் பேப்பர எடுத்துக்கிட்டு எங்கிட்ட வந்தான். இதுல எங்கய்யா நீங்க எழுதுனதுன்னு கேட்டான். பொம்பளைங்களுக்கும் வோட்டுக் குடுத்தாச்சுன்னு பக்கம் பக்கமா எழுதுன பேப்பருதாம்மா அது."

அன்னம்மா பலகையில் உட்கார்ந்தாள்.

"பரவாயில்ல. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. மாத்திப் போட்டாலும் போடட்டும். ரத்னாவுக்கு ஒரு நோவும் கெடையாது. புருசன் வீட்டுல அடிச்சாங்க. ஆடி மாசம் எங்ககிட்ட ஓடி வந்தா. நாங்க திருப்பி அனுப்புனோம்."

ராமநாதனின் பேனா நின்றது. "கடைசி வரி வேணுமாம்மா?"

"வேணும். அதையும் எழுதுங்க."

வீரபத்திரன் அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பி அனுப்பினோம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. மகள் செத்த அன்றுகூட ஆட்களுக்குக் காப்பி வந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தவர்.

தொலைவில் ராகலை ரயிலின் ஊதல் கேட்டது.

எழுதி முடித்து ராமநாதன் வாசித்துக் காட்டினார். இதில் பாரியாள், பிராணன் என்ற வார்த்தைகள் இல்லை. அவள் சொன்னபடியே இருந்தது. வீரபத்திரன் பேனாவை வாங்கி அடியில் கையெழுத்துப் போட்டார். முந்தி அந்தச் சேதியைக் கொடுத்தவன் நான்தான், அது பொய் என்று தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார். காலைத் தபாலில் போய்விடும் என்றார் ராமநாதன்.

திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. கடைக் கதவு பாதி சாத்தியிருந்தது. பக்கத்துத் தேத்தண்ணிக் கடைச் செல்லசாமி கல்லாவை விட்டு எழுந்து வந்து, கடைப் பலகையில் காவலாக உட்கார்ந்திருந்தார்.

"பூரணி எங்கண்ணே?" என்றாள் அன்னம்மா.

"ஒங்களுக்குத் தெரியாதா தாயி?" அவர் எழுந்து நின்றார். "நீங்க அந்தப் பக்கம் போனதும் கடையப் பாத்துக்கச் சொல்லிட்டு ஸ்டேஷனுக்கு ஓடுச்சு. புள்ள அழுவுற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்திச்சில்ல. கதவப் பாதி சாத்திட்டு நான் பின்னாலயே போய்ப் பாத்தேன். ரயில் கெளம்பிருச்சு. சன்னல் வழியாப் பாத்தா, புள்ள பூரணி கையிலதான் இருந்திச்சு. அழுகைய நிறுத்தியிருந்திச்சு. அம்மாகிட்டச் சொல்லிடுங்கன்னு பூரணி கையக் காட்டுச்சு."

அன்னம்மா கடைக்குள் பார்த்தாள். காலையில் வேலாயிக்கு விரித்துக் காட்டிய துணிகள் மடிக்காமல் அப்படியே கிடந்தன.

கல்யாணமாகாத பெண். விளக்கு வைக்கும் நேரத்தில் அந்த வீட்டு வாசலில் போய் இறங்குவாள். விடிந்தால் ஊர் அவளுக்குக் கல்யாணமே செய்து முடித்திருக்கும்.

வீரபத்திரன் சொட்டச் சொட்ட நனைந்தபடி அவள் பக்கத்தில் வந்தார்.

"அன்னம், அவ அங்க இருக்கையில இது அச்சுல வந்தா, அந்தக் கோபத்த அவமேலதான் காட்டுவாங்க. ராமநாதன்கிட்டப் போய் அத நிறுத்தச் சொல்லட்டுமா?"

அவள் அவரைப் பார்த்தாள். எத்தனையோ காலமாகக் கூட வாழ்ந்த முகம், இன்று காலை வரைக்கும் தெரிந்த முகம்.

"போன தடவ என்னையக் கேக்காம முடிவு பண்ணுனீங்க" என்றாள். "இந்தத் தடவ என்னையக் கேக்குறீங்க."

நிறுத்தச் சொல்லவும் வாய் வரவில்லை, அனுப்பச் சொல்லவும் வாய் வரவில்லை. ராகலைப் பக்கம் போகிற லொறி எதுவும் உண்டா என்று செல்லசாமியிடம் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை லொறி கிடைக்காது என்றார் அவர்.

அன்னம்மா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு ராகலை ரோட்டில் இறங்கினாள். வீரபத்திரன் கடையைச் சாத்தக்கூட நிற்கவில்லை. அவள் பின்னாலேயே, அவளை எட்டிப் பிடிக்கவும் துணியாமல், மழையில் நடந்து போனார்.